பாடல் பெற்ற சமையல்கட்டு

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, கடைப்பக்கம் தலை காட்டவே முடியல. இந்தப் பதிவும் ஆறு மாசமா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கரண்டும் இருக்கு, மூடும் இருக்கு. முடிச்சிடறேன்.

தலைப்பைப் பார்த்துட்டு ஆன்மிகப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ஒரு சாப்பாட்டுக் கடையோட வரலாறு. அந்தக் கடையை யார் யாரெல்லாம் பாராட்டினாங்க, யார் திட்டினாங்க, யாரை எல்லாரும் மறந்தாங்கன்னு ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். நடுவுல கொஞ்சம் கொசுவத்தியும் உண்டு. பொறுத்துக்கோங்க.

நமக்கு ஊர் திருவாண்டார்கோயில். பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரம் போற ரோட்டுல, வில்லியனூர் தாண்டி, மதகடிப்பட்டுக்கு முன்னாடி வரும். தேவாரத்துல எங்க ஊருக்கு வடுகூர்னு பேர். ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் வந்து பாடியிருக்காரு. அதனால பஞ்சநதீஸ்வரர் கோயில் 'பாடல் பெற்ற தலம்'. அந்தப் பட்டியல்ல மொத்தமே 270 சொச்சம் கோயில்தான் இருக்கு. 1300 வருஷம் கழிச்சும் யாராவது பஸ் புடிச்சு எங்க ஊருக்கு வர்றாங்கன்னா, காரணம் அந்தப் பத்துப் பதினோரு பாட்டு. சுத்துப்பட்டுல பழைய கோயில் எத்தனையோ இருக்கு. பாட்டு கிடைக்கல, பட்டியல்ல இல்ல. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

2023-ல ஆறு மாசம் கலிஃபோர்னியாவுல ஆன்சைட். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர், "நாளைக்கு டீமா ஒயின் கன்ட்ரி போலாமா?"ன்னு கேட்டாரு. நமக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பாண்டிச்சேரி எல்லையில வளர்ந்தவனுக்கு ஒயின் கன்ட்ரியா! எங்க பக்கம் 'ஒயின் ஷாப்'னு போர்டு இருக்கும். உள்ள போய் ஒயின் கேட்டா கடைக்காரர் நம்மள ஏற இறங்கப் பார்ப்பாரு. குவார்ட்டர் பிராந்திதான் எங்க ஊர் ஒயின் :-)

சான் பிரான்சிஸ்கோவுலேர்ந்து வடக்கால ஒன்றரை மணி நேரம் போனா நாபா பள்ளத்தாக்கு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் திராட்சைக் கொடி, நம்ம ஊர்ல கரும்பு நிக்கிற மாதிரி வரிசை வரிசையா. யவுண்ட்வில்னு ஒரு குட்டி ஊர். அங்க ஒரு தெருவுல பழைய கல் கட்டடம், நீலக் கதவு. பேர் 'பிரெஞ்சு லாண்டரி'. நான் சத்தியமா துணி வெளுக்கிற கடைன்னுதான் நினைச்சேன். மேனேஜர் மெதுவா சொன்னாரு: "உலகத்துலயே நம்பர் ஒன்னுன்னு சொன்ன ரெஸ்டாரண்ட் இது. ஒரு ஆளுக்கு 350 டாலருக்கு மேல ஆகும்."

உள்ள போகலீங்க. எதிர்ல அவங்களோட காய்கறித் தோட்டம் இருக்கு, யார் வேணா நடந்து பார்க்கலாம். கீரைப் பாத்தியைப் பார்த்துட்டு, அதே ஊர்ல கொஞ்சம் விலை கம்மியான வேற ஒரு பிரெஞ்சுக் கடைக்குப் போனோம். மேனேஜர் ஒரு தட்டு ஆர்டர் பண்ணாரு. குழி குழியா இருந்த தட்டு, குழிக்கு ஒண்ணா ஆறு நத்தை. வெண்ணெய், பூண்டு, பச்சையா ஏதோ தழை. விலை 20 டாலருக்கு மேல.

"இதெல்லாம் சாப்பிட்டிருக்கியா? பயமா இருந்தா வேணாம்"னாரு.

"இல்ல, இதான் முதல் தடவை"ன்னேன்.

அது பொய். அந்தப் பொய்யாலதான் இந்தப் பதிவே. ஆனா முதல்ல அந்த லாண்டரி கதையைப் பார்த்துட்டு வந்துடுவோம்.

சலவைக்கடையான சாராயக்கடை

அந்தக் கல் கட்டடம் கட்டினது 1900 வாக்குல. முதல்ல மதுக்கடை. பக்கத்துல முன்னாள் படைவீரர்கள் இல்லம் இருந்ததால, கிட்டக்க மது விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. (பள்ளிக்கூடம் பக்கத்துல டாஸ்மாக் கூடாதுன்னு நாம போராடுறது அவங்க தாத்தா காலத்துச் சமாச்சாரம்.) கடை கை மாறிக் கை மாறி 1920-கள்ல நீராவிச் சலவைக்கடை ஆச்சு. பேருக்குக் காரணம் அதுதான்.

அதே 1920-லதான் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்துச்சு, 1933 வரைக்கும். நாபாவுல ஒயின் தொழில் கிட்டத்தட்ட படுத்தே போச்சு. திராட்சையைப் புடுங்கிட்டு வேற பழமரம் நட்டவங்க உண்டு. அப்புறம் மெதுவா எழுந்து, 1966-ல ராபர்ட் மொண்டாவி பெருசா ஒரு ஒயின் ஆலை ஆரம்பிச்சாரு. ஆனாலும் உலகத்தோட கணக்குல நல்ல ஒயின்னா பிரான்ஸ்தான். கலிஃபோர்னியாவா? ஏதோ சுமாரா இருக்கும்னு ஒரு அலட்சியம்.

அதை உடைச்சது ஒரே ஒரு மத்தியானம். 1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு ஆங்கிலேயர், அங்க ஒயின் கடை வெச்சிருந்தவர், ஒரு போட்டி வெச்சாரு. பிரெஞ்சு ஒயினும் கலிஃபோர்னியா ஒயினும் கலந்து வைக்கணும், பேர் தெரியக் கூடாது. மார்க் போட்ட ஒன்பது பேரும் பிரான்ஸோட பெரிய தலைக்கட்டுகள். முடிவு வந்தப்ப வெள்ளை ஒயின்ல முதலிடம் நாபாவோட ஷாட்டோ மான்டலீனா 1973. சிவப்புல முதலிடம் நாபாவோட ஸ்டாக்ஸ் லீப் 1973. ஒரு நடுவர் நாபா ஒயினைக் குடிச்சிட்டு 'ஆஹா, பிரான்ஸுக்குத் திரும்பி வந்துட்டோம்'கிற மாதிரி சிலாகிச்சாராம். இன்னொரு நடுவர் தன் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கேட்டாங்களாம். மான்டலீனா ஒயினைப் பண்ண மைக் கர்கிச், யுகோஸ்லாவியாவுலேர்ந்து பொழைக்க வந்த ஒரு குரோஷியாக்காரர். இதெல்லாம் எப்படித் தெரியும்னா, அன்னைக்கு அங்க இருந்த ஒரே பத்திரிகைக்காரர் 'டைம்' இதழோட ஜார்ஜ் டேபர். அவர் மட்டும் அன்னைக்கு வேற வேலை பார்க்கப் போயிருந்தா, அந்த மத்தியானம் அங்கேயே அமுங்கிப் போயிருக்கும்.

நம்ம தொழில்ல டெஸ்டிங் பண்ணுவோமே, அந்த மாதிரி சுத்தமான டெஸ்ட். லேபிளை மறைச்சா ரிசல்ட் மாறுது. அப்போ இவ்வளவு நாளா அவங்க நாக்குல ருசிச்சது ஒயினா, லேபிளா?

சட்னி கிச்சன் நடத்தின அம்மா

இந்தப் போட்டிக்கெல்லாம் முன்னாடியே, 1967-ல, டான் ஷ்மிட், சாலி ஷ்மிட்னு ஒரு புருஷன் பொண்டாட்டி யவுண்ட்வில்லுக்குக் குடி வந்தாங்க. அங்க பழைய ஒயின் ஆலை ஒண்ணைக் கடைத்தொகுதியா மாத்தியிருந்தாங்க. அதைப் பார்த்துக்கிறது டானோட வேலை. சாலி அதுக்குள்ளேயே சின்னதா சாப்பாட்டுக் கடை நடத்தினாங்க. ஒரு கடைக்கு அவங்க வெச்ச பேர் என்ன தெரியுமா? 'சட்னி கிச்சன்'! இதைப் படிச்சப்ப எனக்கு அந்தம்மா மேல ஒரு தனிப் பிரியமே வந்துடுச்சு.

1978-ல அந்தப் பழைய சலவைக்கடையில ஷ்மிட் குடும்பம் 'பிரெஞ்சு லாண்டரி'யைத் திறந்தாங்க. முறை ரொம்ப எளிமை. ராத்திரிக்கு ஒரே பந்தி. ஒரே மெனு, அஞ்சு வகை. அன்னைக்கு அக்கம்பக்கத்துல என்ன நல்லா கிடைக்குதோ அதான் சமையல். ஒரு மேஜை உங்களுக்குன்னா அன்னைக்கு ராத்திரி முழுக்க உங்களுக்குத்தான், எழுந்திருங்கன்னு யாரும் நிக்க மாட்டாங்க. டான் வர்றவங்களையும் ஒயினையும் பார்த்துக்குவாரு. சாலி அடுப்படி. பிள்ளைங்களும் ஒத்தாசை. 'அந்தந்த ஊர்ல, அந்தந்த பருவத்துல விளையுறது'ன்னு இன்னைக்கு ஒவ்வொரு பெரிய ஓட்டல்லயும் மெனு அட்டையில எழுதுறாங்களே, அதை அந்தம்மா சத்தமில்லாம செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

ஊர்க்காரங்க, பள்ளத்தாக்குல ஒயின் பண்றவங்க எல்லாரும் கொண்டாடின இடம். 16 வருஷம் நடந்துச்சு. ஆனா நாடு முழுக்கப் பேசின இடம் இல்ல. சாலிக்கும் அதுல பெரிய ஆசை இருந்த மாதிரி தெரியல. கடை குடும்பத்தோட நேரத்தைத் தின்னுதுன்னு பட்டதும், 1994-ல வித்துட்டு வடக்கால ஒரு ஆப்பிள் தோட்டத்துக்குப் போயிட்டாங்க.

பாட்டு கிடைச்சது

வாங்கினவர் தாமஸ் கெல்லர். நியூயார்க்குல 'ராகெல்'னு அவர் நடத்தின ரெஸ்டாரண்ட் மூடியாச்சு. லாஸ் ஏஞ்சலஸ்ல பார்த்த வேலையும் நிலைக்கல. கையில காசில்ல. சுமார் ஐம்பது பேர்கிட்டப் பணம் திரட்டி, 12 லட்சம் டாலருக்கு அந்தக் கட்டடத்தை வாங்கினாரு. ஸ்டார்ட்டப்புக்கு ஃபண்டிங் தேடி அலையுற நம்ம நண்பர்களுக்கு இந்த வலி புரியும்.

அவரோட சமையல் வேற ரகம். சின்னச் சின்ன தட்டா நிறைய வரும். ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வாய். 'இன்னும் ஒரு வாய் இருந்திருக்கலாமே'ன்னு தோணும்போதே தட்டு காலியாகணும், அதான் அவர் கணக்கு. ஐஸ்கிரீம் கடையில கோன் வாங்கினப்ப தோணின யோசனையில, குட்டி கோன்ல ஐஸ்கிரீமுக்குப் பதிலா சால்மன் மீனை வெச்சுக் குடுத்தாரு. சவ்வரிசியும் சிப்பியும் மீன்முட்டையும் சேர்த்து 'சிப்பிகளும் முத்துக்களும்'னு ஒரு தட்டு. (சவ்வரிசிதாங்க. ஜவ்வரிசி வடாம் போடுவோமே, அதோட சொந்தக்காரன்.)

1996-ல கலிஃபோர்னியாவோட சிறந்த சமையல்காரர்னும், 1997-ல நாட்டுலயே சிறந்தவர்னும் ஜேம்ஸ் பியர்ட் விருது. ஆனா பெரிய பாட்டு வந்தது 1997 அக்டோபர்ல. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ரூத் ரெய்ஷல், அமெரிக்காவுலயே சாப்பிட மனசு துள்ளுற இடம் இதுதான்கிற பொருள்ல எழுதினாங்க. அதுக்கப்புறம் மேஜை கிடைக்கிறது குதிரைக்கொம்பு ஆச்சு.

ரெய்ஷல் பத்தி ஒரு கதை சொல்லணும். விக் வெச்சு, வேஷம் போட்டு, வேற பேர்ல சாப்பிடப் போவாங்க. 1993-ல நியூயார்க்குல ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்கு யாரோ ஒரு சாதாரண அம்மா மாதிரி போனப்ப கிடைச்ச மரியாதையையும், விமர்சகர்னு அடையாளம் தெரிஞ்சப்ப கிடைச்ச மரியாதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதி, அந்த இடத்தோட நாலு நட்சத்திரத்தை மூணாக்கினாங்க. பாரிஸ்ல லேபிளை மறைச்சாங்க, இவங்க தன்னையே மறைச்சுக்கிட்டாங்க.

அப்புறம் வரிசையா வந்துச்சு. 'ரெஸ்டாரண்ட்' பத்திரிகையோட உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியல் 2002-ல ஆரம்பம். 2003, 2004 ரெண்டு வருஷமும் முதலிடம் பிரெஞ்சு லாண்டரிக்கு.

அடுத்து மிஷலின். நம்மாளுங்க பல பேருக்கு இது டயர் கம்பெனி. அதேதான்! 1900-ல காருங்க ரொம்பக் கம்மி. ஜனங்க நிறைய கார் ஓட்டினாதானே டயர் தேயும்? டயர் தேஞ்சாதானே விக்கும்? அதனால எங்க பெட்ரோல் கிடைக்கும், எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம்னு ஒரு கையேடு போட்டு சும்மா குடுத்தாங்க. 1926-ல நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் குத்த ஆரம்பிச்சு, 1930-கள்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படிநிலை வந்துச்சு. ஒரு நட்சத்திரம்னா நல்ல சாப்பாடு, ரெண்டுன்னா வழியை விட்டு விலகிப் போகலாம், மூணுன்னா அதுக்காகவே பயணம் போகலாம். ஆய்வாளர் யாருன்னு வெளிய தெரியாது. மார்க்கெட்டிங்னா இது மார்க்கெட்டிங்!

அந்தக் கையேடு 2006-ல நாபா பக்கம் வந்துச்சு. பேரே 'சான் பிரான்சிஸ்கோ, விரிகுடாப் பகுதி, ஒயின் கன்ட்ரி'. முதல் வருஷமே அந்த வட்டாரத்துல மூணு நட்சத்திரம் வாங்கின ஒரே இடம் பிரெஞ்சு லாண்டரி.

பாட்டு மாறினப்ப

பாட்டு எப்பவும் ஒரே ராகத்துல போகாதில்லையா. கெல்லர் 2004-ல நியூயார்க்குல 'பெர் சே'ன்னு ஒரு தங்கச்சிக் கடை திறந்தாரு. 2016 ஜனவரியில அதே 'நியூயார்க் டைம்ஸ்'ல பீட் வெல்ஸ்னு விமர்சகர் அதோட நாலு நட்சத்திரத்தை ரெண்டாக்கினாரு. ஒரு காளான் சூப்பை, கஞ்சா புகைக்கிற குடுவையில தேங்குற அழுக்குத் தண்ணியோட ஒப்பிட்டாரு. அப்படி ஒரு அடி. கெல்லர் வாடிக்கையாளர்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதினாரு.

2020 நவம்பர்ல இன்னொரு விதமா பேர் அடிபட்டுச்சு. கொரோனா நேரம். கூட்டம் கூடாதீங்கன்னு சொல்லிக்கிட்டிருந்த ஆளுநர் கேவின் நியூசம், பிரெஞ்சு லாண்டரியில ஒரு பிறந்தநாள் விருந்துல உட்கார்ந்து மாட்டிக்கிட்டாரு. அவரைப் பதவியிலேர்ந்து திரும்பக் கூப்பிடுற கோரிக்கைக்கு இது எண்ணெய் ஊத்துச்சு. 2021-ல வாக்கெடுப்பே நடந்து, தப்பிச்சாரு. சாப்பாட்டைப் பத்தி அப்ப யாரும் பேசல. அந்தக் கடைப் பேருக்கே 'பெரிய இடத்து ஆளுங்க'ன்னு அர்த்தம் ஆயிடுச்சு.

2025-ல சான் பிரான்சிஸ்கோ நாளிதழோட விமர்சகர் ஒருத்தங்க சாப்பிடப் போனப்ப, கெல்லர் அவங்களைத் தனியா கூட்டிட்டுப் போய் கிளம்பச் சொன்னதா அவங்களே எழுதினாங்க. அப்புறம் இருந்து சாப்பிட வெச்சாராம். ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் பழைய 'பெர் சே' விமர்சனம் அவருக்கு ஆறவே இல்லைன்னு படிக்கும்போது, எனக்கு அவர் மேல கோவத்தைவிடப் பரிதாபம்தான் வந்துச்சு. ஒரு மைனஸ் ஓட்டு விழுந்தாலே ராத்திரி தூக்கம் வராத நாம அவரைக் கேலி பண்ண முடியுமா?

சரி, சாலி அம்மா என்ன ஆனாங்க? 2022 மார்ச்ல, 90 வயசுல காலமானாங்க. அதே வருஷம் பென் ப்ரவுட்ஃபுட்ங்கிறவர் அவங்களைப் பத்தி எடுத்த குறும்படத்தை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டுச்சு. படத்தோட பேர் 'உலகின் தலைசிறந்த சமையல்காரர்'. அவங்க எழுதின சமையல் புத்தகம் அச்சாகி வந்தது, அவங்க போய் ஒரு மாசம் கழிச்சு.

தேவாரத்துல 'வைப்புத் தலம்'னு ஒரு வகை உண்டு. தனிப் பதிகம் இருக்காது. வேற ஊரைப் பத்தின பாட்டுல நடுவுல ஒரு வார்த்தையா பேர் மட்டும் வந்து போகும். இருபது முப்பது வருஷம், கெல்லர் பத்தின ஒவ்வொரு கட்டுரையிலயும் சாலி அப்படித்தான் இருந்தாங்க. 'முன்பு ஷ்மிட் தம்பதியர் நடத்திய உணவகத்தை வாங்கி...' அவ்வளவுதான். பாவம், கெல்லரும் அவங்களை மறைக்கல, மரியாதையாத்தான் பேசியிருக்காரு. எழுதினவங்களுக்குத் தேவைப்படல.

நத்தை

இப்ப அந்தப் பொய்க்கு வர்றேன்.

எங்க ஆயா (அம்மாவோட அம்மா) நடவு வேலைக்குப் போவாங்க. மழை பேஞ்சு வயல்ல தண்ணி நின்னா, வரும்போது மடியில நத்தை இருக்கும். ராத்திரி பூரா தண்ணியில போட்டு வெச்சு மண்ணைக் கக்க விடுவாங்க. காலையில வேக வெச்சு, ஊக்கால ஒவ்வொண்ணா கறியைக் குத்தி இழுத்து, குடலை எடுத்துட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு ஏழு தண்ணி அலசுவாங்க. அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, நிறைய மிளகு. சட்டியில சுருள வறுத்தா, வாசம் தெருமுனைக்கு வரும்.

ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல இது தெரிஞ்சு போச்சு. 'நத்தை திங்கிறவன்'னு பேர் வெச்சாங்க. எங்க ஊர்க் கணக்குல நத்தை இல்லாதப்பட்டவங்க வீட்டுச் சாப்பாடு. அதுக்குப் பின்னாடி சாதிக் கணக்கும் உண்டு, அதை மறைக்கிறதுக்கில்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட "நாத்தம் அடிக்குது, இனிமே எனக்கு வேணாம்"னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் அவங்களுக்கு மட்டும் பின்கட்டு அடுப்புல செஞ்சு, நான் இல்லாத நேரமா பார்த்துச் சாப்பிட்டாங்க. 2019-ல போய்ச் சேர்ந்தாங்க. எனக்கு நாத்தமே அடிக்கல ஆயான்னு கடைசி வரைக்கும் நான் சொல்லல.

யவுண்ட்வில்ல அந்த ஆறு குழித் தட்டுல முதல் நத்தையை வாயில வெச்சப்ப எனக்கு வெண்ணெய் தெரியல, பின்கட்டு அடுப்புதான் தெரிஞ்சுது. இருந்தும் "முதல் தடவை"ன்னேன். மேனேஜர் "எப்படி?"ன்னாரு. "இன்ட்ரஸ்டிங்"னேன். சேச்சே.

ஊருக்கு வந்தப்புறம்தான் விஜய்குமார் கதையைப் படிச்சேன். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். இன்ஜினியரிங் படிக்க ஆசை, வசதியில்லாம கேட்டரிங் படிச்சிருக்காரு. (வசதி பண்ணிப் படிக்க வெச்சதால நான் ஆணி புடுங்குறேன்.) கப்பல்ல சமைச்சு, அமெரிக்கா போய், சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல பர்லிங்கேம்ல 'ரசா'ங்கிற தென்னிந்திய ரெஸ்டாரண்ட்ல தலைமைச் சமையல்காரர் ஆனாரு. ரசாவுக்கு ஒரு மிஷலின் நட்சத்திரம் கிடைச்சுது. எந்தக் கையேடு? அதே 'சான் பிரான்சிஸ்கோ, விரிகுடாப் பகுதி, ஒயின் கன்ட்ரி' கையேடுதான். பிரெஞ்சு லாண்டரி இருந்த அதே புத்தகம்!

2021-ல அவர் நியூயார்க்குல 'செம்ம'ன்னு ரெஸ்டாரண்ட் ஆரம்பிச்சாரு. பேரே செம்ம :-) மெனுவுல குடல் வறுவல் இருக்கு. நத்தைப் பிரட்டல் இருக்கு. சின்ன வயசுல தாத்தா பாட்டியோட வயல்ல நத்தை பொறுக்கினவர். நத்தை சாப்பிடுறோம்னு பள்ளிக்கூடத்துல சொல்ல வெட்கப்பட்டவர். சமையல் படிக்கப் போனப்பதான், பிரெஞ்சுக்காரங்க இதை உசத்தியான பண்டமா வெச்சுக் கொண்டாடுறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுதாம். 2022-ல செம்மவுக்கு மிஷலின் நட்சத்திரம். 2025-ல 'நியூயார்க் டைம்ஸ்' போட்ட நியூயார்க் நகரத்தோட 100 சிறந்த உணவகங்கள் பட்டியல்ல முதலிடம். அதே ஜூன் மாசம், நியூயார்க் மாநிலத்தோட சிறந்த சமையல்காரர்னு ஜேம்ஸ் பியர்ட் விருது. வேட்டி கட்டிக்கிட்டு மேடை ஏறி, ஏழை உணவு, பணக்கார உணவுன்னு ஒண்ணு கிடையாதுங்கிற மாதிரி பேசினாரு. வீடியோவை நாலு தடவை பார்த்தேன். அஞ்சாவது தடவை பார்க்க முடியல.

எங்க வேடிக்கைன்னா, பிரெஞ்சுக்காரங்க 1954 வரைக்கும் எங்க ஊரை ஆண்டாங்க. நத்தை திங்கிற ராஜா, நத்தை திங்கிற குடிமக்கள். வயல்ல கிடந்ததும் அவங்க தட்டுல இருந்ததும் ஒரே சாதிப் பிராணின்னு எங்க ஊர்ல யாரும் எங்ககிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா ஆறாவதுல எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

இதை இப்ப யோசிச்சா, விமர்சகர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. டேபர் போகலைன்னா நாபா இல்ல. ரெய்ஷல் எழுதலைன்னா அந்த லாண்டரிக்கு அவ்வளவு பேர் இல்ல. செம்மவுக்குப் பட்டியல்ல இடம் கிடைக்கலைன்னா, நான் ஒருவேளை இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். அதுதான் உறுத்துது. எங்க ஆயாவோட சட்டி நல்ல சட்டின்னு தெரிஞ்சுக்க, எனக்கு நியூயார்க்லேர்ந்து ஒருத்தர் நட்சத்திரம் குத்த வேண்டியிருந்துச்சு. என் நாக்குக்கு அது ஆறு வயசுலயே தெரியும்.

மிஷலின் ஆய்வாளர் பின்கட்டு அடுப்புக்கு வரப் போறதில்ல. அவர் காசு குடுத்து உட்கார்ற மேஜையைத்தான் அவரால பார்க்க முடியும். பின்கட்டுல உட்கார்ந்து சாப்பிட்டவங்க நாமதான். அதைப் பத்தி எழுதவும் நமக்குத்தான் முடியும். உங்க வீட்டுல யாரோ ஒருத்தங்க, ஊர்ல சொல்ல வெட்கப்பட்ட ஏதோ ஒண்ணை அருமையா சமைச்சிருப்பாங்க. ஈசலோ, நண்டோ, கேழ்வரகுக் களியோ, கருவாடோ. அவங்க இருக்கும்போதே எழுதுங்க மக்களே. பேரைப் போட்டு எழுதுங்க. வைப்புத் தலமா விட்டுடாதீங்க.

போன வாரம் அம்மாவுக்குப் போன் பண்ணி, நத்தை எப்படிச் செய்யறதுன்னு கேட்டேன்.

"இன்னாடா திடீர்னு? நாத்தம் அடிக்குதுன்னவன்தானே நீ?"

"அடிக்கலம்மா. அன்னைக்கும் அடிக்கல."

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இப்பல்லாம் வயல்ல மருந்தடிச்சு நத்தையே கிடைக்கிறதில்லடா. மதகடிப்பட்டு சந்தையில கூறு கட்டி எடுத்தாந்தா வாங்கி வெக்கிறேன். வா"ன்னாங்க.

பொங்கலுக்குப் போறேன்.

டிஸ்கி 1: வயல் நத்தையை நல்லா வேக வெக்காம சாப்பிடாதீங்க. அரைவேக்காடு ஆபத்து. மருந்தடிச்ச வயல்லேர்ந்தும் எடுக்காதீங்க.

டிஸ்கி 2: அந்த மேனேஜருக்கு உண்மையைச் சொல்லி மெயில் போட்டேன். 'ரெசிப்பி அனுப்பு'ன்னு ஒரே வரியில பதில் வந்திருக்கு. ஏழு தண்ணி அலசணும்கிறதை எப்படி மொழிபெயர்க்கிறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன் :-)